டீசல் லைன் ஜாயிண்ட்ல கசியுதா? எதைப் போடணும், எங்க ஒண்ணுமே போடக்கூடாது

ஜென்செட்டோ டிராக்டரோ எதுவா இருந்தாலும் ஃபில்டர் பக்கத்துல ஒரு ஜாயிண்ட் ஈரமா இருந்தா நம்மாளுங்க கை தானா போறது டெஃப்லான் டேப்புக்குத்தான். தண்ணி பைப்புக்கு சுத்துற அதே வெள்ளை டேப்பை நாலு சுத்து சுத்தி, ஸ்பானர் போட்டு ஒரு முறுக்கு முறுக்கிட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிடுவாங்க. ஒரு வாரத்துல திரும்ப அதே இடத்துல கசியும், இல்ல இன்ஜின் மிஸ் அடிக்கும். டேப் மட்டமான பொருள்னு சொல்ல வரல, டீசல் லைன்ல இருக்கிற பாதி ஜாயிண்டுக்கு மேல மரையில எதுவுமே போடக்கூடாது, மிச்சம் இருக்கிறதுக்கும் டேப்பை விட நல்ல சரக்கு கடையில கிடைக்குது, அவ்வளவுதான். எந்த ஜாயிண்ட் எந்த வகைன்னு பாத்தவுடனே சொல்ல தெரிஞ்சுட்டா மீதி வேலை ரொம்ப சுலபம், அதனால இந்தக் கட்டுரையில பாதி அதுக்கே போகும்.

நான் பெரும்பாலும் ஜென்செட்டை மனசுல வச்சுதான் எழுதுறேன், அப்பார்ட்மெண்ட்லயும் அரிசி ஆலையிலயும் நிக்குமே அந்த மாதிரி. டிராக்டர், தோட்டத்து ஆயில் இன்ஜின், போட் இன்ஜின் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

கைய வைக்கிறதுக்கு முன்னாடி

ஜென்செட்னா ஏஎம்எஃப் பேனலை, அதான் கரண்ட் போனா தானா ஸ்டார்ட் பண்ற பேனல், ஆட்டோவுல இருந்து ஆஃப்ல போடுங்க, அதோட நிக்காம பேட்டரி நெகட்டிவ் டெர்மினலையும் கழட்டிடுங்க. நீங்க ஸ்பானரும் கையுமா உள்ள குனிஞ்சிருக்கும்போது கரண்ட் போச்சுன்னா அது பாட்டுக்கு ஸ்டார்ட் ஆகும், அதுக்கு நீங்க உள்ள இருக்கீங்கன்னு தெரியாது. இன்ஜின் நல்லா ஆறட்டும். டேங்க் வால்வை மூடுங்க, கீழ ஒரு ட்ரே வைங்க, மணல் வாளியோ பவுடர் எக்ஸ்டிங்குஷரோ கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும். பீடி சிகரெட் பத்தி தனியா சொல்லணுமா என்ன.

இன்னொண்ணு, இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல போற ஸ்டீல் பைப் இருக்கே, அது ஹை பிரஷர் லைன். பழைய இன்லைன் பம்ப் இன்ஜின்ல கூட நாசில் 200 பார் பக்கத்துலதான் தெறக்கும், புது இன்ஜின்ல வர்ற காமன் ரயில் சிஸ்டம்னா 1,600 பாருக்கு மேல போகும். அதுல கண்ணுக்கே தெரியாத ஊசி மாதிரி பீய்ச்சுற டீசல் தோலை துளைச்சுக்கிட்டு உள்ள போயிடும், மேல பாத்தா சின்ன புள்ளிதான் தெரியும், ஆனா உள்ள சதை கெட்டு விரலையே எடுக்க வேண்டி வந்துடும். அதனால ஓடுற இன்ஜின்ல விரலை வச்சு லீக் தேடாதீங்க, ஒரு அட்டைத் துண்டை நீட்டி பாருங்க. யாருக்காவது பட்டுட்டா வலி இல்லையேன்னு உக்காராம நேரா ஆஸ்பத்திரிக்கு போகணும், போனவுடனே டீசல் உள்ள ஏறிடுச்சுன்னு வாய விட்டு சொல்லணும், இல்லாட்டி சின்ன காயம்னு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிடுவாங்க. இந்த பைப்போட நுனியில இருக்கிறது இரும்புக்கு இரும்பு உக்காருற கோன், அதுக்கு எந்த சீலண்டும் கிடையாது, கசிஞ்சா பைப்பை மாத்தணும்.

எங்க கசியுதுன்னு பிடிக்கிறது

சொட்டு விழுற இடம் வேற, கசியுற இடம் வேற. டீசல் பெட்ரோல் மாதிரி ஆவியா போகாது, எண்ணெய் மாதிரி பைப்பை புடிச்சுக்கிட்டே கீழ இறங்கி வந்து எங்க தாழ்வா இருக்கோ அங்க சொட்டும். அதுக்குள்ள தூசி வேற ஒட்டி கருப்பா ஒரு திட்டு ஆயிருக்கும். அந்த திட்டோட மேல் ஓரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க, ஆள் அங்கதான் இருப்பான்.

பனியன் வேஸ்ட் வச்சு அந்த ஏரியா முழுக்க துடைங்க, பிரேக் கிளீனர் அடிச்சு காய விடுங்க, அப்புறம் டால்கம் பவுடரை லேசா தூவுங்க. ஹேண்ட் பிரைமரை, அதான் கையால டீசலை ஏத்துற சின்ன பம்ப், நாப்பது அம்பது தடவை அடிச்சீங்கன்னா எந்த மரையோரத்துல பவுடர் முதல்ல நனையுதோ அதுதான் ஜாயிண்ட். சில சமயம் ஜாயிண்டே இல்லாம ஃபில்டர் ஹெட்டுல ஒரு மயிரிழை விரிசல் தெரியும், அதுக்கு எந்த பேஸ்டும் உதவாது, ஹெட்டை மாத்துறதுதான் வழி.

டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் (டேங்க்ல இருந்து டீசலை இழுக்கிற பம்ப்) வரைக்கும் இருக்கிற லைன் சக்ஷன் லைன், புதுசா வர்றவங்க இங்கதான் குழம்புவாங்க, ஏன்னா அங்க ஓட்டை இருந்தா வெளிய ஒரு சொட்டு கூட வராது, காத்துதான் உள்ள போகும். ஜென்செட்ல டேங்க் அடியில இருக்கும், பம்ப் மேல இருக்கும், ராத்திரி பூரா நிறுத்தி வச்சா அந்த ஓட்டை வழியா காத்து ஏறி டீசல் டேங்குக்கே இறங்கிடும், காலையில எவ்வளவு கிராங்க் பண்ணாலும் எடுக்காது, பேட்டரி போச்சுன்னு நெனச்சு பேட்டரி வாங்கின ஆளெல்லாம் இருக்காங்க. சந்தேகம் இருந்தா ஃபீட் பம்புக்கு முன்னாடி ஒரு அடி கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற பிளாஸ்டிக் ஓஸ் போட்டு ஓட்டி பாருங்க, குமிழ் வரிசையா ஓடுச்சுன்னா காத்து புடிக்குது. பாத்து முடிச்சதும் அந்த ஓஸை கழட்டிடணும், டீசல் பட்டா கொஞ்ச நாள்ல விறைச்சு வெடிச்சுடும்.

அந்த ஜாயிண்ட்ல டீசலை நிறுத்துறது எது?

இப்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். நட்டை கழட்டி உள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

பான்ஜோ போல்ட்னா, அதாவது நடுவுல ஓட்டை போட்ட போல்ட் ஒரு வளையத்துக்குள்ள போய் உக்காந்திருக்கும், அதோட ரெண்டு பக்கமும் காப்பர் வாஷர் இருக்கும். டீசலை நிறுத்துறது அந்த வாஷர்தான், மரை வெறும் இறுக்கிப் புடிக்கிற வேலை மட்டும்தான் பாக்குது. இங்க டேப் சுத்தினா மரை தடிச்சு போல்ட் முழுசா இறங்காது, வாஷர் நசுங்காது, லீக் இன்னும் அதிகமாத்தான் ஆகும். புது வாஷர் போடுங்க. அவசரத்துக்கு கிடைக்கலைன்னா பழைய காப்பர் வாஷரை வெளிய தள்ளி எடுத்துட்டு போய் செக்கச்செவேல்னு காயவச்சு தண்ணியில போட்டா திரும்ப மெதுவாயிடும், மேல பிடிச்ச கருப்பை எமரி பேப்பர்ல தேச்சுட்டு போடலாம். இரும்பு மாதிரி தண்ணியில போட்டா கெட்டியாயிடுமோன்னு பயப்பட வேண்டாம், காப்பருக்கு அப்படி கிடையாது. அலுமினியம் வாஷரை இப்படி பண்ணாதீங்க, மாத்திடுங்க.

பைப் வாய் புனல் மாதிரி விரிஞ்சிருந்தா அது ஃப்ளேர். 37 டிகிரி, 45 டிகிரின்னு ரெண்டு வகை உண்டு, ஒண்ணோட ஒண்ணு சேராது. பைப்புல ஒரு சின்ன பித்தளை வளையம் கடிச்சிருந்தா அது ஃபெரூல். இது ரெண்டுலயும் அடைப்பு அந்த சாஞ்ச முகத்துலதான் நடக்குது, மரையில எதுவும் வேண்டாம். முகத்துல கோடு விழுந்திருக்கா, ஃபெரூல் நகந்திருக்கான்னு பாருங்க, இருந்தா பைப் நுனிய வெட்டி புதுசா பண்ணுங்க.

மரை மேலயும் கீழயும் ஒரே தடிமனா இருந்து அடியில ஓ-ரிங்கோ, இல்ல இரும்பு வளையத்துக்குள்ள ரப்பர் ஒட்டின டவுட்டி வாஷரோ இருந்தா அதுவும் இதே கதை, அடைக்கிறது ரப்பர். பழைய வண்டியில ரொம்ப வருஷம் சும்மா இருந்த நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் திடீர்னு கசிய ஆரம்பிக்கிறதுக்கு ஒரு காரணம் டீசலே மாறினது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 டீசல், சல்ஃபர் 50 பிபிஎம்ல இருந்து 10 பிபிஎம் ஆச்சு. சல்ஃபரை எடுக்கிற அந்த பிராசஸ் டீசல்ல இருக்கிற அரோமேட்டிக்ங்கிற ஒரு வகை எண்ணெய்ப் பொருளையும் கொறைக்கும், அதை குடிச்சு உப்பிப்போய் இருந்த பழைய ரப்பர் சுருங்கும், அப்படியே கசியும். அமெரிக்காவுல சல்ஃபரை கொறைச்சப்பவும் இதே தலைவலிய பாத்திருக்காங்க. ஓ-ரிங் வாங்கும்போது வைட்டான் ரப்பர்னு கேட்டு வாங்குங்க, கொஞ்சம் காசு கூட, ஆனா பயோடீசல் கலந்தாலும் தாங்கும்.

கடைசியா மிச்சம் இருக்கிறது டேப்பர் மரை. நுனியில ஒல்லியா, போகப்போக தடிமனா இருக்கும், 16-க்கு 1 சரிவு. ஸ்கேலை மரை மேல படுக்க வச்சு பாத்தா சாய்வு தெரியும். டேங்க் அவுட்லெட் நிப்பிள், ஃபில்டர் ஹெட்டுல திருகுற எல்போ, வால்வு, வாட்டர் செப்பரேட்டர் போர்ட், இங்கெல்லாம் பெரும்பாலும் இதான். இங்க மரையும் மரையும்தான் நெருக்கி அடைக்கணும், ஆனா எவ்வளவு இறுக்கினாலும் மரையோட முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல சுருள் மாதிரி ஒரு சந்து இருந்தே தீரும், அந்த சந்தை நிரப்பத்தான் சீலண்ட். ஆக சீலண்ட் வாங்குறது இந்த ஒரு வகைக்கு மட்டும்தான்.

அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. நம்மூர்ல ஓடுறது பிஎஸ்பிங்கிற பிரிட்டிஷ் பைப் மரை, ஆனா கம்மின்ஸ் மாதிரி அமெரிக்க வழி வந்த இன்ஜின்ல என்பிடிங்கிற அமெரிக்க பைப் மரை நெறைய வரும். பிஎஸ்பி கோணம் 55 டிகிரி, என்பிடி 60. கால் இன்ச்சுல பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18, அதனால ரெண்டு மூணு சுத்துலயே புடிச்சுக்கும், உங்களுக்கே தெரிஞ்சுடும். ஆபத்து அரை இன்ச்சும் முக்கால் இன்ச்சும்தான், ரெண்டுமே 14 மரை, வழுவழுன்னு ஏறும், டைட்டும் ஆகும், ஆனா கோணம் சேராததால காலத்துக்கும் கசியும், எவ்வளவு விலை கொடுத்து சீலண்ட் வாங்கி போட்டாலும் கசியும். மரைய அளக்கிற பிட்ச் கேஜ் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. இன்னொரு விஷயம், கால் இன்ச் பைப் மரைன்னா வெர்னியர்ல அளந்தா கால் இன்ச் வராது, வெளி விட்டம் 13 மில்லி சொச்சம் வரும், கடையில போய் அரை இன்ச்னு கேட்டு வாங்கிட்டு வந்துடாதீங்க.

சரி, எதை வாங்குறது?

என் ஓட்டு அனரோபிக் த்ரெட் சீலண்டுக்குத்தான். இது காத்து படுற வரைக்கும் திரவமா இருக்கும், இரும்புக்கு நடுவுல காத்து இல்லாத சந்துல மாட்டினா கெட்டியாகும். பாட்டிலை வாங்கி பாத்தா பாதிதான் நிரப்பியிருப்பாங்க, கடைக்காரர் ஏமாத்திட்டார்னு சண்டைக்கு போகாதீங்க, உள்ள காத்து இல்லைன்னா பாட்டில்லயே கட்டியாயிடும், அதுக்குத்தான் அப்படி.

லாக்டைட் கம்பெனி சீலண்ட்ல 542, 545 ரெண்டும் சின்ன மரைக்கு ஏத்தது, தூள் கீள் எதுவும் கலக்காதது, அதனால ஃபில்டரையோ நாசிலையோ அடைக்கிற பயம் இல்ல. முக்கால் இன்ச் வரைக்கும் 542 போதும், டீசல் லைன்ல அதுக்கு மேல போறது அபூர்வம். பெரிய, கரடுமுரடான மரைக்கு 577. 567 வெள்ளையா க்ரீம் மாதிரி வரும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நல்லது, ஏன்னா அந்த மரை ஒண்ணோட ஒண்ணு புடிச்சு இறுகிடும், இது வழுக்க வைக்கும், ஆனா காய லேட் ஆகும். நம்ம சென்னையில இருக்கிற அனபாண்ட் கம்பெனியும் இந்த வகை பண்றாங்க. கடையில வெறுமனே அனபாண்ட்னு கேட்டா கேஸ்கட்டுக்கு போடுற சிலிகான் டியூபை எடுத்து நீட்டுவாங்க, அது வேற இது வேற, பைப் த்ரெட் சீலண்ட், அனரோபிக், டீசலுக்குன்னு சேத்து கேளுங்க. அதே மாதிரி த்ரெட் லாக்கரும் வேற சாமான், அது போல்ட் கழலாம புடிக்க.

அனரோபிக்குக்கு ரெண்டு குறை உண்டு. பிளாஸ்டிக்குல போடவே கூடாது, சில பிளாஸ்டிக்கை விரிசல் விட வச்சுடும். ஸ்டெயின்லெஸ், பிளேட்டிங் பண்ண ஃபிட்டிங்ல மெதுவாத்தான் காயும், அவசரம்னா அதுக்குன்னு ஆக்டிவேட்டர் ஸ்ப்ரே இருக்கு, முதல்ல அதை அடிச்சுட்டு போடணும்.

டேப் பத்தி. டேப் செய்யுற பிடிஎஃப்இக்கு, அதாவது டெஃப்லானுக்கு, டீசல் ஒண்ணும் பண்ணாது, உண்மைதான். பிரச்சினை அதோட பிசிறு. மரை வெட்டி கிழிஞ்ச ஒரு நூல் அளவு துண்டு ஃபில்டருக்கு அந்தப் பக்கம் போச்சுன்னா பம்ப்ல போய் மாட்டும், அந்த பம்ப் சர்வீஸ் பில்லை பாத்தா அப்புறம் டேப் பக்கமே போக மாட்டீங்க. அதனால ஃபில்டருக்கு அப்புறம் டேப் கண்டிப்பா வேண்டாம். டேங்க் அவுட்லெட் மாதிரி ஃபில்டருக்கு முன்னாடி இருக்கிற இடத்துல, வேற வழியே இல்லைன்னா, நுனியில ரெண்டு மரைய விட்டுட்டு, மரையோட வாய் உங்கள பாக்குற மாதிரி புடிச்சு கடிகார முள் சுத்துற பக்கமா இழுத்து ரெண்டு மூணு சுத்து, அதுக்கு மேல வேண்டாம்.

சிலிகான் பேஸ்ட் கூடவே கூடாது, டீசல் பட்டு ஊறி ரப்பர் கயிறு மாதிரி உரிஞ்சு லைனுக்குள்ள போகும். சணலும் பெயிண்டும் தண்ணி பைப்போட நிக்கட்டும். எம்-சீல் எண்ணெய் பசையில ஒட்டாது. லாரிக்காரங்க நடுரோட்டுல டேங்க் ஒழுகினா துணி சோப்பை பெசஞ்சு அப்புவாங்க, அது ஊர் போய் சேர நல்ல வைத்தியம்தான், சோப்பு டீசல்ல கரையாது, ஆனா மழை பெஞ்சா போச்சு. அப்புறம் ஜிஐ நிப்பிளை டீசல் லைன்ல போடாதீங்க, அந்த துத்தநாகப் பூச்சு டீசலோட வினைபட்டு கசண்டா வந்து ஃபில்டரை அடைக்கும், கருப்பு இரும்பு நிப்பிளே போதும்.

போடுற விதம்

பழைய டேப், பழைய பேஸ்ட் எல்லாத்தையும் கம்பி பிரஷ்ல சுத்தமா எடுங்க, ஆண் மரை மட்டும் இல்ல பெண் மரையும். போர்ட்டுக்குள்ள குப்பை விழாம ஒரு துணிய திணிச்சுக்கிட்டு பண்ணுங்க, துணிய திரும்ப எடுக்க மறக்காதீங்க. அப்புறம் அசிட்டோனோ பிரேக் கிளீனரோ அடிச்சு எண்ணெய் பசை போக துடைங்க. இந்த ஸ்டெப்பைத்தான் எல்லாரும் சோம்பேறித்தனப்பட்டு தாண்டுவாங்க, டீசல் ஈரத்து மேல போட்ட சீலண்ட் புடிக்காது. போர்ட் மேல இருந்து டீசல் இறங்கிட்டே இருந்தா வால்வை மூடி வடிஞ்சு முடியுற வரைக்கும் உக்காந்து டீ குடிங்க.

ஆண் மரையில நுனியில ஒரு மரைய விட்டுட்டு அடுத்த ரெண்டு மூணு மரையில சுத்தி ஒரு வளையமா போடுங்க, பள்ளம் நிரம்பினா போதும். உள்ளுக்குள்ள பிதுங்குறது இரும்புக்கு நடுவுல இருக்கிற சந்துல மாட்டாது இல்லையா, அது காயாம திரவமாவே டீசலோட போயிடும், அதுக்காக அள்ளி பூசவும் வேண்டாம். கையால போற வரைக்கும் திருகுங்க, அப்புறம் ஸ்பானர்ல ஒண்ணரையில இருந்து ரெண்டு சுத்து. இன்னொரு ஸ்பானரை எதிர்ப்பக்கம் போட்டு ஃபிட்டிங்கை புடிச்சுக்கோங்க, இல்லைன்னா பக்கத்துல நல்லா இருந்த ஜாயிண்டும் சேந்து திரும்பும். ஃபில்டர் ஹெட் அலுமினியமா இருந்தா கை அடக்கம் வேணும், டேப்பர் மரை உள்ள போகப்போக ஆப்பு அடிக்கிற மாதிரி, வெடிச்சுடும்.

எல்போ திசை சரியா வரலைன்னு பின்னாடி திருப்பாதீங்க, இன்னும் கொஞ்சம் முன்னாடி போகுதா பாருங்க, போகலைன்னா முழுசா கழட்டி தொடச்சு புதுசா போடுங்க. லோ பிரஷர் லைன்னா கொஞ்ச நேரத்துலயே ஓட்டிடலாம்னு சொல்வாங்க, முழுசா காய 24 மணி நேரம். ராத்திரி விட்டுட்டு காலையில ஓட்ட முடிஞ்சா நல்லது.

ஏர் எடுத்து ஓட்டி பாக்குறது

டேங்க் வால்வை தெறந்து, ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூவை அரை சுத்து லூஸ் பண்ணி, ஹேண்ட் பிரைமரை அடிங்க. முதல்ல நுரை வரும், அப்புறம் டீசலும் குமிழுமா வரும், குமிழ் நின்னு ஒரே சீரா டீசல் வரும்போது அடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவை மூடுங்க. பிரைமர் அந்த நேரத்துல கல்லு மாதிரி கையில கெட்டியா தெரியும். பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் பண்ணி, சும்மா ஓட விடாம லோடு கொடுத்து ஓட்டுங்க, அதிர்வும் சூடும் ஏறினாத்தான் உண்மை தெரியும். நிறுத்தி ஆறினப்புறம் ஜாயிண்டை சுத்தி ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை சுத்தி புடிங்க, கண்ணுக்கு தெரியாத ஈரம் கூட அதுல கறையா தெரியும். பேனலை திரும்ப ஆட்டோவுல போட மறந்துடாதீங்க, ராத்திரி கரண்ட் போனா செக்ரெட்டரி போன் உங்களுக்குத்தான் வரும்.

ரெண்டு நாள் கழிச்சு பாக்கும்போது லேசா ஈரம் தெரிஞ்சா இன்னும் கால் சுத்து இறுக்கி பாப்போம்னு தோணும். டேப்புல ஒருவேளை அது வேலைக்கு ஆகும். அனரோபிக்குல ஆகாது, காஞ்சு புடிச்சது உடைஞ்சு கசிவு பெருசாத்தான் ஆகும். கழட்டி, பிரஷ் போட்டு, டீசலை வடிய விட்டு, முதல்ல இருந்து திரும்ப போடுங்க. கழட்டுறப்ப இறுகிப்போய் இருக்கேன்னு டார்ச் அடிச்சு சூடு பண்ணிடாதீங்க, அது டீசல் லைன், நீளமான ஸ்பானர் ஒண்ணு போட்டு நிதானமா இழுத்தா 542-ல போட்ட ஜாயிண்ட் வந்துடும்.